மதிப்பெண் குறைவென்று விண்ணப்பத்தை மடித்து வைக்காதீர்கள்

1907-இல் பம்பாயில் மெட்ரிகுலேஷன் தேர்வு எழுதிய பீமராவ் என்ற மாணவர் வாங்கிய மதிப்பெண் 750-க்கு 282. சதவீதக் கணக்கில் 38-ஐக்கூட எட்டாது. அந்தத் தேர்ச்சியை அவருடைய மக்கள் கூட்டம் போட்டுக் கொண்டாடினார்கள். கேலுஸ்கர் தாம் எழுதிய புத்தர் வரலாற்று நூலை அவருக்குப் பரிசளித்தார். ஆறு ஆண்டு கழித்து, 1913-இல், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் மாதம் 11.50 பவுண்டு உதவித்தொகை தர, அதே மாணவர் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முதுநிலைப் படிப்பில் சேர்ந்தார். 1915-இல் எம்.ஏ. முடித்தார். பிறகு லண்டனில் படித்துக்கொண்டிருந்தபோது உதவித்தொகைக் காலம் முடிந்துவிட்டது. 1917-இல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பினார். கல்லூரியில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தோடும் கடனோடும் 1920-இல் மறுபடி கப்பலேறிப் போய்த்தான் அதை முடித்தார்.

அண்ணலின் வாழ்க்கையை இந்தப் பத்தியின் வாசகர்களுக்கு நாம் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்கிறோம். 282 மதிப்பெண்ணால் அவர் படிப்பு நிற்கவில்லை. பணம் தீர்ந்தபோதுதான் நின்றது. பொறியியல் பட்டம் வாங்கிவிட்டு மேலே படிக்கலாமா என்று தயங்கி நிற்கும் நம் பிள்ளைகள் விஷயத்திலும் பெரும்பாலும் அதுதான் நடக்கிறது. அவர்களோ மதிப்பெண்ணை நினைத்துத்தான் தலை குனிகிறார்கள்.

அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத ஒதுக்கீடு வந்தது 2021-இல். அந்த வழியில் சேர்ந்த முதல் அணி 2025-இல் பட்டம் பெற்று வெளியே வந்தது. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்றுக்கொண்டதால் படிக்க முடிந்தவர்கள் அவர்களில் ஏராளம். தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்துவிட்டு, முதல் செமஸ்டரிலேயே ஆங்கிலத்தில் கணிதத்தையும் இயற்பியலையும் எதிர்கொண்டவர்கள். முதலாண்டில் இரண்டு மூன்று அரியர் விழுந்து, அதை அடுத்தடுத்த ஆண்டுகளில் தூக்கிச் சுமந்து கரையேறியவர்கள். விடுமுறையில் அப்பாவோடு கொத்து வேலைக்கும், கேட்டரிங் வேலைக்கும் போனவர்கள். கடைசியில் கையில் நிற்பது சி.ஜி.பி.ஏ. 6.1 அல்லது 6.4. முதுநிலைப் படிப்புக்கு அந்த 7.5 சதவீத ஒதுக்கீடு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வழிகாட்டல் வகுப்புகளில் நாம் மறுபடி மறுபடி கேட்கும் கேள்வி இது: "இத வெச்சுக்கிட்டு எங்கண்ணா அப்ளை பண்றது?"

கேட்டுவிட்டு அவர்களே பதிலும் வைத்திருப்பார்கள். பக்கத்து ஊர்த் தனியார் கல்லூரியிலிருந்து யாரோ போன் செய்திருப்பார். "சீட் இருக்கு, உடனே வந்து அட்மிஷன் போட்டுடுங்க" என்றிருப்பார். அந்தப் போன்தான் நம் பிள்ளைகளுக்கு வரும் ஒரே அழைப்பு என்பதால் அதை வாய்ப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். அதற்குப் பதில் சொல்லும் முன் கீழே உள்ளதைப் படித்துவிடுங்கள்.

கேட் என்னும் கதவு

எம்.இ., எம்.டெக். படிப்புகளுக்கு அகில இந்திய அளவிலான நுழைவுத் தேர்வு கேட். 65 கேள்விகள், 100 மதிப்பெண், மூன்று மணி நேரம். பிப்ரவரியில் நடக்கும். விண்ணப்பம் அதற்கு முந்தைய ஆகஸ்ட், செப்டம்பர் மாதங்களில் திறக்கும். மூன்றாம் ஆண்டு படிக்கும்போதே எழுதலாம். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கும் பெண்களுக்கும் கட்டணம் பாதி. ஒருமுறை வாங்கிய மதிப்பெண் மூன்று ஆண்டுகளுக்குச் செல்லும்.

நமக்கு வேண்டிய செய்தி அடுத்ததுதான். பொதுப் பிரிவுக்கு நிர்ணயிக்கப்படும் தகுதி மதிப்பெண்ணில் மூன்றில் இரண்டு பங்கு வாங்கினாலே பட்டியலின, பழங்குடி மாணவர்கள் தகுதி பெற்றுவிடுவார்கள். 2024-இல் கணினி அறிவியல் தாளில் பொதுப் பிரிவுக்கு 27.6, நமக்கு 18.4. நூற்றுக்குப் பதினெட்டரை. அதில் 15 மதிப்பெண், எல்லாத் தாள்களுக்கும் பொதுவான மொழித்திறன், எளிய கணக்கு, தருக்கம் ஆகியவற்றுக்கு. பத்தாம் வகுப்புக் கணக்கை ஒழுங்காகத் திருப்பிப் பார்த்தால் அந்தப் பகுதியில் பாதிக்கு மேல் எடுத்துவிடலாம். மிச்சத்துக்குத் தன் பாடத்தில் நாலைந்து தாள்களை ஆழமாகப் படித்தால் போதும்.

இந்தத் தேர்வில் உங்கள் சி.ஜி.பி.ஏ. என்ன என்று யாரும் கேட்பதில்லை. முதலாண்டில் ஆங்கிலம் புரியாமல் விழுந்த அரியர் இங்கே உங்களைப் பின்தொடர்வதில்லை. நான்கு ஆண்டுக் கணக்கை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒரே நாளில் புதுக் கணக்கு தொடங்கக் கிடைக்கும் இடம் இது ஒன்றுதான். ஆனாலும் நம் பிள்ளைகள் பலர் அதை ஐ.ஐ.டி. வீட்டுப் பிள்ளைகளின் தேர்வு என்று ஒதுக்கிவிடுகிறார்கள். தகுதி என்ற சொல் நம் மீது எத்தனை தலைமுறையாக எறியப்பட்டு வருகிறதோ, அத்தனை ஆழமாக அது உள்ளே தைத்துவிடுகிறது.

சரி, கேட் எழுதி ஒரு மதிப்பெண்ணும் வந்துவிட்டது. எங்கே விண்ணப்பிப்பது? இப்போது சி.ஜி.பி.ஏ. திரும்பி வருகிறது, ஆனால் ஒரு வாசற்படியாக மட்டும். அதைத் தாண்டினால் போதும், எவ்வளவு உயரத் தாண்டினோம் என்பது பெரும்பாலும் கணக்கில்லை. என்.ஐ.டி.களில் எம்.டெக். சேர்க்கை சி.சி.எம்.டி. என்ற பொதுக் கலந்தாய்வு வழியாக நடக்கிறது. அங்கே பொதுப் பிரிவினருக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் சி.ஜி.பி.ஏ. 6.5 அல்லது 60 சதவீதம் வேண்டும். பட்டியலின, பழங்குடி மாணவர்களுக்கு 6.0 அல்லது 55 சதவீதம். அதாவது, 6.1 வைத்துக்கொண்டு எங்கே போவது என்று கேட்ட தம்பிக்குத் திருச்சி என்.ஐ.டி.யின் வாசற்படி தாண்டக்கூடியதுதான். இடம் கிடைக்குமா என்பதைத் தீர்மானிப்பது அவருடைய கேட் மதிப்பெண். 6.1 அந்த இடத்தில் தன் வேலையை முடித்துக்கொண்டு ஒதுங்கிவிடுகிறது.

6.0-க்கும் கீழே, 5.8 என்று வைத்திருப்பவர்கள்? என்.ஐ.டி. கதவு மூடிவிட்டது என்பதை மறைக்க வேண்டாம். ஆனால் தமிழ்நாட்டின் சொந்தக் கலந்தாய்வு இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் சீட்டா-பி.ஜி. நுழைவுத் தேர்வு மூலமோ கேட் மூலமோ அதில் கலந்துகொள்ளலாம். பொதுப் பிரிவினருக்கு 50 சதவீதம், இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 45 சதவீதம் இருந்தால் போதும். கிண்டி பொறியியல் கல்லூரி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கோவை ஜி.சி.டி., சேலம், திருநெல்வேலி அரசு பொறியியல் கல்லூரிகள், காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசுக் கல்லூரி எல்லாம் இந்தக் கலந்தாய்வுக்குள் வருகின்றன. பட்டியலினத்தவருக்கு 18 சதவீதம் (அதற்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம்), பழங்குடியினருக்கு 1 சதவீதம். கேட் மதிப்பெண் உள்ளவர்களுக்குத்தான் முதலில் கலந்தாய்வு. அதன் பிறகே சீட்டா எழுதியவர்களுக்கு. கிண்டியில் இடம் வேண்டுமென்று நினைப்பவர் கேட் எழுதாமல் சீட்டாவை மட்டும் நம்பினால் வரிசையின் பின்னால் நிற்கிறார் என்று பொருள்.

மதிப்பெண் சான்றிதழில் சி.ஜி.பி.ஏ. மட்டும் அச்சாகியிருந்தால் அதைத் தானாகச் சதவீதமாக்கி விண்ணப்பத்தில் எழுதாதீர்கள். எந்த அளவுகோலில் சான்றிதழ் இருக்கிறதோ அதில்தான் சரிபார்ப்பார்கள். பல்கலைக்கழகம் மாற்றுச் சூத்திரம் தந்திருந்தால் அதன் நகலை இணையுங்கள்.

பட்டியலை எப்படிப் படிப்பது

ஒவ்வொரு ஆண்டும் சி.சி.எம்.டி. தன் இணையதளத்தில் முந்தைய ஆண்டுகளின் தொடக்க, இறுதி மதிப்பெண்களைக் கல்லூரிவாரியாக, பாடவாரியாக, பிரிவுவாரியாக வெளியிடுகிறது. நம் பிள்ளைகள் அதைத் திறந்ததும் கண் போவது முதல் வரிசைக்கு. அது பொதுப் பிரிவு. அந்த எண்ணைப் பார்த்து மூச்சு வாங்கிவிட்டுப் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். பட்டியலினப் பிரிவின் வரிசையைப் பாருங்கள். அதிலும் முதல் சுற்றைப் பார்க்காதீர்கள், கடைசிச் சுற்றைப் பாருங்கள். முதல் சுற்றில் இடம் பிடித்தவர்களில் பலர் ஐ.ஐ.டி.க்கோ பொதுத்துறை வேலைக்கோ போய்விட, சுற்றுக்குச் சுற்று இறுதி மதிப்பெண் இறங்கும். வழக்கமான சுற்றுகளுக்குப் பிறகும் மீந்திருக்கும் இடங்களுக்குச் சிறப்புச் சுற்றுகள் உண்டு. அதற்குள் மனம் உடைந்து தனியார் கல்லூரியில் பணம் கட்டிவிட்டவர்களை நாம் பார்த்திருக்கிறோம்.

எந்தப் பாடம் என்பதிலும் இறக்கம் உண்டு. ஒரே கட்டட வரைகலைத் துறையாக வெளியில் தெரியும் சிவில் பொறியியலுக்குள் கட்டமைப்பு, போக்குவரத்து, நீர்வளம், சுற்றுச்சூழல், மண்ணியல் என்று தனித்தனி எம்.டெக். இருக்கின்றன. கட்டமைப்புக்கு எல்லோரும் முண்டுவார்கள். நீர்வளத்துக்கு அத்தனை கூட்டமில்லை. ஏரி, மதகு, கலிங்கல் பார்த்து வளர்ந்த ஒரு பிள்ளைக்கு நீர்வளம் இரண்டாந்தரப் பாடமாக ஏன் படவேண்டும் என்று நமக்குப் புரிவதில்லை. மின்னியலிலும் இயந்திரவியலிலும் இதே கதைதான்.

இடமும் அப்படியே. திருச்சி, சூரத்கல், வாரங்கல், கோழிக்கோடு என்று நான்கு பெயரோடு நிறுத்திவிடாதீர்கள். நாகை, மயிலாடுதுறைப் பிள்ளைகளுக்குக் கூப்பிடு தூரத்தில் காரைக்காலில் புதுச்சேரி என்.ஐ.டி. இருக்கிறது. கோவா, ஆந்திரா, வடகிழக்கு மாநிலங்கள் எல்லாவற்றிலும் என்.ஐ.டி. உண்டு. மிசோரமுக்கு மகளை அனுப்புவதா என்று பெற்றோர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அங்கே படிக்கும் மூத்த மாணவி ஒருவரிடம் அம்மாவைப் போனில் பேசவைத்துவிட்டுப் பிறகு முடிவெடுங்கள். கேட்காமலே வேண்டாம் என்று சொல்லிவிடுவதுதான் நமக்கு உடன்பாடில்லை.

ஐ.ஐ.டி.கள் தனி. சி.ஓ.ஏ.பி. என்ற தளத்தில் பதிவு செய்துவிட்டால் எல்லா ஐ.ஐ.டி.க்கும் விண்ணப்பித்தாயிற்று என்று பலர் நினைக்கிறார்கள். அந்தத் தளம் கிடைத்த இடத்தை ஏற்கவோ மறுக்கவோ மட்டும்தான். விண்ணப்பத்தை ஒவ்வொரு ஐ.ஐ.டி.க்கும் தனித்தனியாக, அதனதன் தளத்தில் போட வேண்டும். எம்.டெக். தவிர, ஆய்வு வழி எம்.எஸ். என்றொரு படிப்பும் இருக்கிறது. அதற்கு நேர்காணலோ எழுத்துத் தேர்வோ இருக்கும். இறுதியாண்டுத் திட்டப் பணியை உண்மையாகவே தன் கையால் செய்த மாணவருக்கு அந்த நேர்காணல் அனுகூலமானது. கடையில் காசு கொடுத்து வாங்கிய புராஜெக்டை வைத்துக்கொண்டு போனால் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. பட்டியலின இடஒதுக்கீடு மத்திய நிறுவனங்களில் நாடு முழுவதும் செல்லும்: 15 சதவீதம், பழங்குடியினருக்கு 7.5. ஆனால் கேரளத்திலோ கர்நாடகத்திலோ உள்ள மாநிலப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பித்தால், தமிழ்நாட்டுச் சான்றிதழுக்கு அங்கே ஒதுக்கீடு கிடைக்காது. பொதுப் பிரிவில்தான் எண்ணுவார்கள். கிறிஸ்தவத்துக்கு மாறிய குடும்பங்களுக்கு இன்னொன்று. 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த மதங்களைச் சேர்ந்தவர்கள் மட்டுமே பட்டியலினத்தவர். எனவே மத்திய நிறுவனங்களில் அந்த இடங்கள் இவர்களுக்கு இல்லை. தமிழ்நாட்டு அரசின் கல்வி உதவித்தொகை மட்டும் இவர்களுக்கும் உண்டு. சேரி மாறாமல் சான்றிதழ் மட்டும் மாறிய இந்த அநீதியைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

பணம் எங்கிருந்து வரும்

கேட் தகுதியோடு ஐ.ஐ.டி., என்.ஐ.டி.யில் சேரும் எம்.டெக். மாணவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. வாரத்தில் சில மணி நேரம் ஆய்வகத்திலோ வகுப்பிலோ உதவ வேண்டும். ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி பெற்ற மற்றக் கல்லூரிகளில் கேட் தகுதியோடு சேர்ந்தாலும் அதே 12,400 ரூபாய் இரண்டு ஆண்டுகளுக்குக் கிடைக்கும். கல்லூரி உங்களுக்கு அடையாள எண் உருவாக்கித் தர வேண்டும். ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு வேண்டும். கல்லூரி அலுவலகம் அசட்டையாக இருந்து கடைசித் தேதி போய்விட்டால் அவ்வளவுதான். எனவே சேர்ந்த முதல் வாரத்திலேயே நச்சரியுங்கள். ஐ.ஐ.டி.களில் நம் பிள்ளைகளுக்குப் பயிற்றுக் கட்டணம் இல்லை. விடுதி, உணவு, இதரக் கட்டணம் உண்டு.

இதே எம்.இ.யில் சீட்டா மதிப்பெண்ணோடு சேர்ந்தவருக்கு அந்த 12,400 கிடையாது. ஒரே வகுப்பறை, ஒரே பெஞ்சு. ஒருவர் மாதாமாதம் வீட்டுக்கு ஐயாயிரம் அனுப்புகிறார், இன்னொருவர் வீட்டிலிருந்து வாங்குகிறார். பிப்ரவரி மாதத்து ஒரு மூன்று மணி நேரத்தின் வித்தியாசம் இரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ மூன்று லட்சம் ரூபாய்.

கேட் இல்லாதவர்களுக்கு இருப்பது போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள் இருக்க வேண்டும். 2012-இல் வந்த 92-ஆம் எண் அரசாணை, தனியார் சுயநிதிக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகளின் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்றது. எத்தனை குடும்பங்களில் முதல் பொறியாளர் உருவானது அந்த ஆணையால்தான் என்பது நம் ஊர்களுக்குத் தெரியும். 2017-இல் அதில் கத்தரி விழுந்தது. நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களுக்கு அந்த உதவி நின்றது. மத்திய அரசின் விதிகளும் அடுத்த ஆண்டு அதையே சொல்லின.

இப்போது அந்தப் போன் அழைப்புக்கு வருவோம். "உடனே வந்து அட்மிஷன் போடுங்க" என்று கூப்பிடுகிறவர் எந்த ஒதுக்கீட்டில் போடுகிறார்? கலந்தாய்வு வழியாக வராமல் நேரடியாகக் கல்லூரியில் சேர்ந்தால் அது நிர்வாக ஒதுக்கீடு. "ஸ்காலர்ஷிப் வந்துடும், கவலைப்படாதீங்க" என்பார்கள். வராது. இரண்டாம் செமஸ்டரில் ஹால் டிக்கெட் தரமாட்டோம் என்று அலுவலகத்தில் நிறுத்திவைக்கும்போதுதான் அம்மாவின் தோடு அடகுக்குப் போகும். நாம் அறிந்த ஒரு தங்கை, மாவட்டத் தலைநகருக்கு அருகே ஒரு கல்லூரியில் அப்படித்தான் சேர்ந்தார். நேர்மையான மாணவி, சுமாரான மதிப்பெண், கேட் எழுதியதில்லை. முதலாண்டுக் கட்டணத்துக்கு வட்டிக்கு வாங்கினார்கள். இரண்டாம் ஆண்டு போகவில்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி தர மறுக்க, அதை மீட்கத் தனியாக ஒரு போராட்டம். அந்த மதிப்பெண்ணுக்குக் கலந்தாய்வில் அரசுக் கல்லூரி ஒன்றிலேயே இடம் கிடைத்திருக்கும் என்பதுதான் நமக்கு ஆறாத விஷயம். கலந்தாய்வு என்ற ஒன்று எம்.இ.க்கும் இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஆகவே கேட்க வேண்டிய கேள்விகள்: இது கலந்தாய்வு இடமா, நிர்வாக இடமா? இந்தப் படிப்புக்கு இந்த ஆண்டு ஏ.ஐ.சி.டி.இ. அனுமதி இருக்கிறதா? போன ஆண்டு எத்தனை பேர் சேர்ந்தார்கள்? கடைசிக் கேள்வி முக்கியம். ஆள் சேராமல் எம்.இ. பாடங்களை மூடிக்கொண்டிருக்கும் கல்லூரிகள் பல. மூன்று பேரை வைத்து ஒரு வகுப்பை எப்படி நடத்துவார்கள் என்று யோசியுங்கள். இன்னொன்று, கேட் உதவித்தொகையையும் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையையும் ஒரே நேரத்தில் வாங்கலாம் என்று எண்ணிவிடாதீர்கள். விண்ணப்பிக்கும் முன் அலுவலகத்தில் எழுத்துபூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எம்.இ. படித்து என்ன ஆகப்போகிறது என்று ஊரில் கேட்பார்கள். வேலைக்குப் போவதை ஒத்திப்போட மட்டும் என்றால் வேண்டாம் என்றே நாமும் சொல்வோம். ஆனால் கல்லூரி ஆசிரியராக விரும்புகிறவர்கள் ஒரு விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். பொறியியல் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆக, பி.இ., எம்.இ. இரண்டில் ஏதாவது ஒன்றில் முதல் வகுப்பு இருந்தால் போதும் என்கிறது ஏ.ஐ.சி.டி.இ. பி.இ.யில் இரண்டாம் வகுப்பு வாங்கியவர், எம்.இ.யில் முதல் வகுப்பு வாங்கிவிட்டால் அந்தப் பழைய குறை அங்கே கழிந்துவிடுகிறது. பாடம் மட்டும் பொருந்த வேண்டும். புதுப்புதுப் பெயர்களில் வரும் எம்.இ. படிப்புகளில் சேர்ந்துவிட்டு, பிறகு ஆசிரியர் தேர்வு வாரியத்துக்கு விண்ணப்பிக்கும்போது "உங்கள் பாடம் இணையானதல்ல" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. பி.இ. எந்தத் துறையோ அதனோடு சேர்ந்த, எல்லோரும் அறிந்த பெயருள்ள பாடத்தை எடுப்பது நல்லது.

வெளிநாட்டைப் பற்றியும் கேட்கிறார்கள். மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் தேசிய அயல்நாட்டுக் கல்வி உதவித்தொகை ஆண்டுக்கு 125 பேருக்கு. 60 சதவீத மதிப்பெண், 35 வயதுக்குள், குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள், உலகத் தரவரிசையில் முதல் 500-க்குள் வரும் பல்கலைக்கழகத்தின் சேர்க்கைக் கடிதம் ஆகியவை வேண்டும். தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டமும் இருக்கிறது. ஜெர்மனியின் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் விசாவுக்கு ஓராண்டுச் செலவுப் பணத்தை முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். அது 2024 முதல் 11,904 யூரோ, பத்து லட்சம் ரூபாய்க்கும் மேல். உதவித்தொகை கையில் உறுதியாகாமல் நிலத்தை விற்று அந்தப் பணத்தைத் திரட்டாதீர்கள். மதிப்பெண் குறைந்த மாணவர்களைக் குறிவைத்து அலையும் ஏஜென்ட்டுகளுக்குக் கல்லூரியிடமிருந்து தரகு வருகிறது. அவர்கள் சொல்லும் "நூறு சதவீதம் விசா"வை அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும்.

உள்ளே போன பிறகு

இதை எழுதாமல் விட்டால் நாம் பாதி உண்மைதான் சொன்னவர்கள் ஆவோம். 2023 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் ஒன்றிய அரசு தந்த பதிலின்படி, முந்தைய ஐந்து ஆண்டுகளில் ஐ.ஐ.டி.களிலிருந்து 1,068 பட்டியலின மாணவர்களும் 408 பழங்குடி மாணவர்களும் படிப்பை விட்டு வெளியேறியிருக்கிறார்கள். சிலர் வேறு படிப்புக்கோ வேலைக்கோ போயிருக்கலாம் என்று அரசு காரணம் சொன்னது. இருக்கலாம். ஆனால் அறைக்குள் நுழைந்த முதல் நாளே "உன் ரேங்க் என்ன?" என்று கேட்கும் கேள்வி, சாதியைக் கேட்கும் கேள்விதான் என்பதை அங்கே படித்த ஒவ்வொரு தலித் மாணவரும் அறிவார். ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோகித் வெமுலாவை 2016-இல் இழந்த வலி இன்னும் ஆறவில்லை.

இதனால் போகாதே என்று சொல்வதற்கில்லை. துணை இருக்கும் இடத்தைத் தேடிப் போ என்கிறோம். விண்ணப்பிக்கும் முன்பே அந்தத் துறையில் படிக்கும் நம் மாணவர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். வழிகாட்டிப் பேராசிரியர்கள் எப்படி, எஸ்.சி., எஸ்.டி. பிரிவு பெயருக்கு இருக்கிறதா வேலை செய்கிறதா, முதல் செமஸ்டரில் தடுமாறுகிறவர்களுக்குக் கூடுதல் வகுப்பு உண்டா என்று கேளுங்கள். சென்னை ஐ.ஐ.டி.யில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை 2015 மே மாதம் நிர்வாகம் பறித்தது. நாடெங்கும் எழுந்த எதிர்ப்புக்குப் பிறகு அடுத்த மாதமே திருப்பிக் கொடுத்தது. அப்படி ஒரு வட்டம் இருக்கும் வளாகமும் இல்லாத வளாகமும் நமக்கு ஒன்றல்ல. தரவரிசைப் பட்டியல்கள் இதையெல்லாம் அளப்பதில்லை.

மற்றபடி தேதிகள். உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டக் கிராமத்துத் தலித் மாணவர் ஒருவர், தினக்கூலித் தொழிலாளியின் மகன், 2024-இல் தன்பாத் ஐ.ஐ.டி.யில் பி.டெக். இடம் பெற்றார். இடத்தை உறுதிசெய்ய 17,500 ரூபாய் கட்ட வேண்டும். ஊரில் திரட்டிய பணம் கைக்கு வந்தபோது ஜூன் 24 மாலை ஐந்து மணிக் கெடு முடிந்துபோனது. உச்ச நீதிமன்றம் வரை போய், செப்டம்பர் 30-இல் அரசமைப்புச் சட்டத்தின் 142-ஆவது பிரிவின் கீழ் அவரைச் சேர்த்துக்கொள்ள உத்தரவு வந்தது. ஐ.ஐ.டி. இடத்தைப் பிடிக்குமளவு மதிப்பெண் இருந்த பிள்ளையையே 17,500 ரூபாய் மூன்று மாதம் நீதிமன்றப் படியேற வைத்தது. எம்.டெக். கலந்தாய்விலும் இடத்தை ஏற்கப் பணம் கட்டும் கெடு இரண்டு மூன்று நாள்தான் இருக்கும். எனவே அந்தத் தொகையை ஏப்ரலிலேயே தனியாக எடுத்து வையுங்கள். முடியாதவர்கள் கெடு நாளன்று பதறி ஓடி வராமல், ஒரு மாதம் முன்பே ஊர்ச் சங்கத்திலோ, படித்து வேலையில் இருக்கும் அண்ணன் அக்காக்களிடமோ சொல்லி வையுங்கள்.

சாதிச் சான்றிதழ் மத்திய அரசு கேட்கும் படிவத்தில் இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். வருமானச் சான்றிதழ் ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ள பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் அப்படியே இருக்க வேண்டும். முருகேசன் என்பதும் முருகேஷ் என்பதும் கணினிக்கு இரண்டு ஆட்கள். இ-சேவை மையத்தில் திருத்தத்துக்குக் கொடுத்துவிட்டு ஜூன் மாதத்தில் காத்துக் கிடப்பதைவிட அறுவடை முடிந்த தையில் போவது எளிது. அரியர் இன்னும் ஒன்று பாக்கியிருந்தால் எந்தத் தேதிக்குள் தேர்ச்சிச் சான்று காட்ட வேண்டும் என்பதை அறிவிப்பில் அடிக்கோடிட்டு வையுங்கள்.

சென்னையில் இடம் கிடைத்துக் கல்லூரி விடுதி கிடைக்காதவர்கள் அரசின் சமூகநீதி விடுதிகளுக்கு விண்ணப்பிக்கலாம். சைதாப்பேட்டையில் எம்.சி. ராஜா பெயரில் இருக்கும் விடுதி அவற்றில் ஒன்று. கிண்டிக்கும் அடையாறுக்கும் அங்கிருந்து பேருந்து உண்டு. சேர்க்கை ஆணை, சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், வங்கிப் புத்தக நகல், நான்கு புகைப்படம் கையோடு கொண்டுபோங்கள். விடுதிக் காப்பாளர் ஊருக்குத் திருப்பி அனுப்பக் காரணம் எதுவும் இருக்கக் கூடாது.